இங்கிரிட் ட்ரோபிஷ்: குடும்ப ஆலோசனை ஊழியத்துக்கு ஓர் அளவுகோல்

நெல்லைப் பக்கத்துச் சபைகளில் வீட்டுச் சண்டை முற்றிப்போனால் ஆண்கள் போதகர் ஐயர் வீட்டு முன்வாசலுக்குப் போவார்கள். பெண்கள் பின்வாசல் வழியாக ஐயரம்மாவைத் தேடிப் போவார்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே ஐயரம்மா கேட்கிற இரண்டு கேள்வியில் பாதிப் பிரச்சினை வெளியே வந்துவிடும். அந்த அம்மாக்களையோ, அவர்களுக்கு முன்னே வீடு வீடாக நடந்த பைபிள் உமன்களையோ ஆலோசகர் என்று யாரும் அழைத்ததில்லை. இன்று நிலைமை வேறு. திருமண ஆயத்த வகுப்பு, தம்பதியர் முகாம், குடும்ப ஞாயிறு, தொலைபேசி ஆலோசனை என்று திருமண்டலங்களிலும் மறைமாவட்டங்களிலும் பணி பெருகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் பெருகிய பணி நல்ல பணியா என்று எதை வைத்துப் பார்ப்பது? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது இங்கிரிட் ட்ரோபிஷ் என்ற லுத்தரன் மிஷனரியிடம்.

இங்கிரிட் 1926இல், கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷியில் பிறந்தார். தகப்பன் ரால்ஃப் ஹுல்ட், ஸ்வீடிஷ் வம்சாவளி அமெரிக்க மிஷனரி. வீட்டில் பத்துப் பிள்ளைகள். குடும்பம் அமெரிக்கா திரும்பியபின் தகப்பன் மீண்டும் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். அவர் ஏறிய ‘ஸம்ஸம்’ என்ற எகிப்தியக் கப்பலை 1941 ஏப்ரலில் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று சுட்டு மூழ்கடித்தது. அவர் உயிர் தப்பினார். ஊர் வந்து சேர்ந்தவர் மறுபடியும் கிளம்பினார். 1943இல் தாருஸ்ஸலாமில் இறந்துபோனார். பத்துப் பிள்ளைகளோடு நின்ற தாயைப் பார்த்து வளர்ந்த இங்கிரிட், 1952இல் மணந்துகொண்டது வால்டர் ட்ரோபிஷ் என்ற ஜெர்மானியரை. அதுவும் அதே போரில் ஜெர்மன் ராணுவத்தில் நின்று காயப்பட்டவரை. ஒப்புரவாகுதல் பற்றி இந்தப் பெண்மணி பின்னாளில் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கலாம். அதை முதலில் தன் வீட்டில் வாழ்ந்தவர் என்பதை மறக்கக்கூடாது.

தம்பதியர் வட கேமரூனின் சொல்லிரேயில் புதிதாகத் திறந்த மிஷன் களத்தில் பணியைத் தொடங்கி, பிறகு லிபம்பா கிறிஸ்தவக் கல்லூரிக்கு மாறினார்கள். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். லிபம்பாவில் மாணவர்கள் வேதபாடத்தில் கேட்க முடியாததை எல்லாம் கடிதத்தில் கேட்டார்கள். ஒரு வாலிபனோடு நடந்த கடிதப் போக்குவரத்திலிருந்து வால்டர் உருவாக்கிய சிறு நூல் 1962இல் பிரெஞ்சில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘ஐ லவ்ட் எ கேர்ள்’ என்ற பெயரில் பரவி, அங்கிருந்து பல பத்து மொழிகளுக்குப் போனது. காதலிக்கும் பெண்ணைக் கட்ட முடியாதபடி அவள் தகப்பன் கேட்கும் பரிசப்பணம் குறுக்கே நிற்பது அந்த நூலின் முக்கியமான முடிச்சு. நம் பக்கம் பணம் கைமாறும் திசைதான் வேறு. வரதட்சணைக்காக நின்றுபோன கல்யாணத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த வாலிபனின் தவிப்பு அந்நியமாகத் தோன்றாது.

நூல் வெளிவந்தபின் ஆப்பிரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பதில் எழுதினார்கள். ட்ரோபிஷ் தம்பதியரின் ஊழியம் முளைத்தது இந்தக் கடிதக் கட்டுகளிலிருந்துதான். நூல்களும் கருத்தரங்குகளும் ‘ஃபேமிலி லைஃப் மிஷன்’ என்ற அமைப்பும் அப்புறம் வந்தவை. யார் என்ன கேட்டாலும் பொதுவான அச்சுப் பதிலை அனுப்பாமல், கேட்டவரின் கேள்விக்கே பதில் எழுதும் இந்தப் பழக்கம் ஒரு பெரிய தரநிர்ணயம். ஆலோசனை என்பது ஒருவருக்குச் சொல்வது. பலருக்குச் சொல்வது பிரசங்கம். இரண்டும் தேவை, ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. நம் முகாம்களில் மூன்று மணி நேரம் பேசிவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் ‘ஆலோசனை தேவைப்படுவோர் முன்னே வாருங்கள்’ என்று அழைப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

இங்கிரிட்டின் இடம் தெரிய வேண்டுமானால், அவர் காலத்தில் கிறிஸ்தவ ஆலோசனை எந்தெந்த வழிகளில் ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும்.

பெண்கள் தாங்களாகக் கட்டிய வழி எல்லாவற்றுக்கும் மூத்தது. இங்கிலாந்தின் ஓல்ட் ஆல்ரஸ்ஃபோர்டு என்ற ஊரில், குருவானவரின் மனைவி மேரி சம்னர் 1876இல் தொடங்கிய ‘மதர்ஸ் யூனியன்’ அதன் தொடக்கம். முதல் கூட்டத்துக்குத் தாய்மார் வந்து உட்கார்ந்தபோது மேரி சம்னருக்குப் பேச நா எழவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அப்படித் தயங்கித் தொடங்கியது ஆங்கிலிக்கன் சபைகள் உள்ள நாடுகளெங்கும் பரவியது. வளர்ப்பு, ஜெபம், வீட்டு ஒழுங்கு என்று தாய்மாருக்கு ஒருவரையொருவர் துணையாக்கியது அதன் பெரிய நன்மை. அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். விவாகரத்தான பெண்களை 1970கள் வரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்த சங்கம் அது. அதிக ஆறுதல் தேவைப்பட்டவளுக்கே கதவை மூடிவிட்டு குடும்ப ஊழியம் என்று பெயர் வைத்துக்கொள்வது எந்த நாட்டில் நடந்தாலும் தவறு.

அடுத்தது மருத்துவமனையில் பிறந்த வழி. அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன் கடுமையான மனநோயால் மருத்துவமனையில் கிடந்தவர். குணமானபின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்குச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளின் போதகராகப் போய், 1925இல் நான்கு இறையியல் மாணவர்களை வைத்துப் பயிற்சி தொடங்கினார். புத்தகத்தில் படிக்கிற அதே கவனத்தோடு துன்பப்படும் மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவர் போதனை. இன்றும் இந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு: நோயாளியோடு பேசி வந்த மாணவர், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும். ‘அவர் அழுதபோது ஏன் பேச்சை மாற்றினீர்கள்?’ என்று பயிற்சியாளர் கேட்பார். பதில் சொல்ல முடியாமல் மாணவர் தலைகுனியும் அந்த இடத்தில்தான் ஆலோசகர் உருவாகிறார். இதே பரம்பரையில் சூவர்ட் ஹில்ட்னரும், சபைக்கு வெளியே உளவியலாளர் கார்ல் ராஜர்ஸும், தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். வேலூரில் கிறிஸ்தவ ஆலோசனை மையத்தின் பயிற்சிகள் மூலமும், சிஎம்சி மருத்துவமனையின் சாப்ளின் பணி மூலமும் இந்த மரபு தமிழ்நாட்டில் வேரூன்றியிருக்கிறது.

கேட்பது மட்டும் போதுமா என்று எதிர்க்கேள்வி போட்டவர் ஜே ஆடம்ஸ். 1970இல் வந்த அவருடைய ‘காம்பிடன்ட் டு கவுன்சல்’ சுவிசேஷகச் சபைகளை ஓர் உலுக்கு உலுக்கியது. மனிதரின் பெரும்பாலான தொல்லைகளுக்குப் பாவமே வேர்; உளவியலாளரிடம் போகத் தேவையில்லை; வேதத்தைக் கொண்டு புத்திசொல்ல போதகருக்கே தகுதி உண்டு என்றார். வந்தவரைப் பேசவிட்டு அனுப்பாமல், வாரா வாரம் செய்துவர வீட்டுப்பாடம் கொடுத்தார். இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். அழுது தீர்த்துவிட்டு அதே வீட்டுக்கு அதே மாதிரி திரும்பிப்போவதால் என்ன பயன்? உடல் சார்ந்த நோய்க்கு மருத்துவர் வேண்டும் என்று ஆடம்ஸும் ஒப்புக்கொண்டவர்தான். ஆனால் அவரைப் பின்பற்றியவர்களிடம் அந்த எச்சரிக்கை நழுவிப்போனது. பிள்ளை பெற்றபின் மனச்சோர்வில் விழுந்த தாயிடம் ‘உன் விசுவாசத்தில் குறை’ என்று சொல்லும் கொடுமை நம் ஊர்களிலும் நடக்கிறது. அவளுக்கு அன்றைக்கு வேண்டியது மனநல மருத்துவரும், இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும்.

இந்த இரண்டுக்கும் நடுவே, வேதமும் உளவியலும் சேர்ந்தே இருக்கலாம் என்ற கூட்டம் வளர்ந்தது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரி 1965இல் உளவியலுக்கென்றே தனிப்பள்ளி திறந்தது. லாரி கிராப், கேரி காலின்ஸ் போன்றவர்கள் பாடநூல்கள் எழுதினார்கள். இன்று நம் இறையியல் கல்லூரிகளின் ஆலோசனைப் பாடங்கள் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் நடக்கின்றன.

கத்தோலிக்கர் கண்ட வழி தனி அழகு. ஸ்பெயின் நாட்டுக் குரு கேப்ரியல் கால்வோ 1962இல் பார்சிலோனாவில் தம்பதியருக்கென்று ஒரு வார இறுதி முகாம் நடத்தினார். ‘மேரேஜ் என்கவுண்ட்டர்’ இயக்கம் அதிலிருந்து வந்தது. அதில் தம்பதியரின் பிரச்சினையை ஆலோசகர் தீர்த்துவைப்பதில்லை. கணவன் தனியே ஒரு கடிதம் எழுதுகிறான், மனைவி தனியே எழுதுகிறாள். பிறகு மாற்றிக்கொண்டு படித்து, இருவரும் பேசுகிறார்கள். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர் தன் மனைவி எதற்குப் பயப்படுகிறாள் என்பதை அந்தத் தாளில் முதன்முறையாகப் படிக்கும்போது வாயடைத்துப் போவார். பலமான குடும்பத்தை இன்னும் பலமாக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. அடியும் உதையும் உள்ள வீட்டுக்கு மட்டும் இது ஆகாது. அங்கே மனைவி எழுதும் உண்மை, திரும்பிப் போனபின் அவளுக்கே ஆபத்தாக முடியும்.

இங்கிரிட் இந்த வழிகள் எதிலும் அடங்காதவர். அவரைத் தனி வழி கண்டவராகவே எண்ணுகிறேன். காரணம் ஒன்று: கிறிஸ்தவக் குடும்ப ஆலோசனையில் பெண்ணின் உடலைப் பற்றி வெட்கமில்லாமல், பக்தியோடு, மருத்துவத் துல்லியத்தோடு பேசலாம் என்று காட்டியவர் அவர்.

1963இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபின் ட்ரோபிஷ் குடும்பம் மேல் ஆஸ்திரியாவில், சாங்க்ட் கியோர்கனுக்கு அருகே லிஷ்டன்பெர்க்கில் குடியேறியது. அதே மாவட்டத்தின் ஃபோக்லப்ரூக்கில் யோசெஃப் ரோட்சர் என்ற கத்தோலிக்க மருத்துவர் இருந்தார். பெண்ணின் மாதச் சுழற்சியில் கருத்தரிக்கும் நாட்களை உடல் வெப்பத்தையும் மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையைப் பல்லாண்டு உழைத்து வகுத்தவர். இங்கிரிட் அவரிடம் கற்றுக்கொண்டார். 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்து வெளியிட்ட ‘உமானே வித்தே’ மடலால் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் முகம் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஒரு லுத்தரன் பெண் கத்தோலிக்க மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்தது சின்ன விஷயமல்ல.

அந்த முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன்னே, பெண் தன் உடல் வெப்பத்தை அளக்கிறாள். கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி. மறுநாள் இன்னொரு புள்ளி. கருமுட்டை வெளிவந்தபின் வெப்பம் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் ஏறி, மாதவிலக்கு வரும்வரை அப்படியே நிற்கும். கோடு மேலேறும் இடத்தைப் பார்த்து, வெள்ளைப்படுதலின் மாற்றத்தையும் அதோடு ஒப்பிட்டு, நாள் கணக்கிடலாம். இதில் கணவனுக்கு என்ன வேலை? 1975இல் ஆங்கிலத்தில் வந்த ‘த ஜாய் ஆஃப் பீயிங் எ உமன்’ நூலின் அட்டையிலேயே இங்கிரிட் இதைத் துணைத்தலைப்பாக வைத்தார்: ஆண் என்ன செய்யலாம் என்று. மனைவியின் மாதச் சுழற்சி கணவனுக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டால், அவளது சோர்வும் எரிச்சலும் உற்சாகமும் அவனுக்குக் குற்றமாகத் தெரியாது. காத்திருப்பது இருவரின் பொறுப்பாகும். மாதவிலக்கு, பிரசவம், தாய்ப்பால், மாதவிடாய் நிற்கும் வயது என்று நம் பாட்டிமார் கிசுகிசுத்த விஷயங்கள் எல்லாம் அந்த நூலில் முகத்துக்கு நேராக வருகின்றன. கருத்தடைக்குப் பதிலாக இந்த இயற்கை முறையையே அவர் முன்வைத்ததை எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை. மாதச் சுழற்சி ஒழுங்கில்லாத பெண்களுக்கும், கணவன் காத்திருக்கச் சம்மதிக்காத வீட்டுப் பெண்களுக்கும் இந்த முறையை மட்டும் நம்பச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் ஆணையும் இந்தப் பேச்சுக்குள் இழுத்து உட்காரவைத்தாரே, அது நம் திருமண ஆயத்த வகுப்புகளில் இன்னும் சரியாக நடக்காத ஒன்று.

வால்டரின் புகழ்பெற்ற ‘ஐ மேரீட் யூ’ நூலிலும் (1971) இங்கிரிட் ஓர் ஆளாக வருகிறார். ஆப்பிரிக்க நகரம் ஒன்றில் நடந்த சொற்பொழிவுகளின் கதை அது. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் திருமணம் பற்றி வரும் மூன்று காரியங்களை, பெற்றோரை விடுவது, மனைவியோடு இசைவது, ஒரே மாம்சமாவது, ஒரு முக்கோணமாக வரைந்து விளக்கும் நூல். இதில் முதலாவதுதான் தமிழ்க் குடும்பங்களில் ரத்தம் கசியும் இடம். பெற்றோரை விடுவது என்றால் கைவிடுவது அல்ல என்று அழுத்தமாகச் சொல்லாவிட்டால் மாமியார் கோபப்படுவார். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் மகன் ஒருநாளும் விடமாட்டான். தம்பதியரை ஆலோசனைக்கு அழைத்தால் மாமியாரும் வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர் வழக்கத்தில், ஆலோசகர் முதல் நாளே செய்ய வேண்டியது, கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியே பேச நேரம் வாங்குவது. இதைச் செய்யத் தெரியாதவர் எத்தனை வசனம் தெரிந்தவராயிருந்தும் பிரயோஜனமில்லை.

வால்டர் 1979 அக்டோபரில் திடீரென்று இறந்தார். அவருக்கு 55 வயது. இங்கிரிட்டின் மணவாழ்வு 27 ஆண்டுகள். அதற்குப்பின் அவர் ஊழியம் செய்த விதவை வாழ்வு 28 ஆண்டுகள். 2007இல் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் மறைந்தார். ஆனாலும் இன்றைக்கும் பலரும் அவரை ‘வால்டரின் மனைவி’ என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். இது அநியாயம். வால்டருக்குப் பிறகு கருத்தரங்குகளுக்குத் தனியே போனார், எழுதினார், தம்பதியரைச் சந்தித்தார். 1985இல் ‘லேர்னிங் டு வாக் அலோன்’ என்ற நூலில் தன் துக்கத்தையே எழுதினார். கணவனும் மனைவியுமாக மேடையேறித் திருமணத்தைப் பற்றிப் போதித்தவர், கணவர் இல்லாமல் அதே மேடையில் நின்றபோது விதவைகளும் மணமாகாதவர்களும் குடும்ப ஊழியத்துக்குள் வந்தார்கள். நம் குடும்ப ஞாயிறுகளில் பரிசு வாங்குவது பொன்விழாத் தம்பதியர். விதவைகள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. அவர்கள் பெயரையும் மேடையில் சொல்லுங்கள்.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். மேலே பார்த்த வழிகளில் பெரும்பாலானவை சில விஷயங்களில் ஒன்றுபடுகின்றன: கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, வந்தவருக்காக முடிவெடுக்கக்கூடாது, தன்னால் ஆகாததை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ரகசியம் காப்பது என்றால் ஜெபக் குறிப்பாகக்கூட இன்னாரின் குடும்ப விஷயத்தை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்று அர்த்தம். இதற்கு விலக்கு இரண்டே: உயிருக்கு ஆபத்து, பிள்ளைகளின் பாதுகாப்பு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதை சபைக்குள்ளேயே பேசி முடித்துவிட எந்தக் கமிட்டிக்கும் அதிகாரமில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் வைக்கும் சோதனை ஒன்று. அந்த வீட்டில் பலம் குறைந்தவர் யாரோ அவர், ஆலோசனை முடிந்து போகும்போது முன்பைவிடப் பாதுகாப்பாகப் போகிறாரா? இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு இந்தச் சோதனை கூடுதலாகத் தேவை. 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில், மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதுமான காரணமாக இருந்தது. மனைவிக்கோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001இல்தான் இந்த ஏற்றத்தாழ்வு திருத்தப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சட்டத்தின் நிழலில் ஆலோசனை சொல்லிப் பழகிய நாவுகள், சட்டம் மாறியபின்னும் ‘பொறுத்துப்போ அம்மா, அவர் மாறுவார்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. பொறுமை வேதம் சொல்வதுதான். உடைந்த கையோடு வந்தவளுக்கு அது பதிலல்ல. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குத் தன் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையையும் பாதுகாப்பு உத்தரவையும் தருகிறது. இது தெரியாமல் ஆலோசனை நாற்காலியில் யாரும் உட்காரக்கூடாது.

திருமண்டல நிர்வாகிகளுக்கும் சேகரக் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். ஒவ்வொரு சேகரத்திலும் பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆலோசகரைச் சம்பளத்தோடு நியமியுங்கள். ஐயரம்மாவின் இலவச உழைப்பை இனியும் நம்பியிருக்காதீர்கள். திருமண ஆயத்த வகுப்பில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் உடலைப் பற்றிய பாடத்தை ஒரு மருத்துவரைக் கொண்டு சேர்த்தே நடத்துங்கள். வாரத்தில் ஒரு நாள், யாரும் பார்க்காமல் வந்து போக வசதியுள்ள ஓர் அறையைத் திறந்து வையுங்கள். அந்த அறையின் சுவரில், பெண்கள் உதவி எண் 181ஐப் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள்.